பையில் மிஞ்சிய உருண்டை

அத்தே,

மேசை மேல் ஒரு பொருவிளங்காய் உருண்டை இருக்கிறது. சுக்கு வாசனை அறையை விட்டுப் போகவில்லை. மலையிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிவிட்டது. சேறு படிந்த துணிகளைத் துவைத்தாயிற்று, பையையும் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. இந்த உருண்டையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "எடுத்து டப்பாவுல போடட்டுமா, எறும்பு வந்துடும்" என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இப்போது அவளுக்கும் காரணம் தெரியும்.

இதை நீ இருக்கும்போது எழுதியிருக்க வேண்டும். எழுதக்கூட வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து குடவாசலுக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். உன் எதிரில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பதினோரு வருஷத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் நீயே சிரித்துவிடுவாய். பொங்கலுக்கு வந்தேன், தீபாவளிக்கு வந்தேன், உன் கையால் மீன் குழம்பு சாப்பிட்டேன், வாயைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நம் குடும்பத்துக்கு மலை உன்னால் வந்தது. தாத்தா ஊரான் வயலில் நாற்றுப் பறித்தவர். அவர் மகள் நர்ஸ் படிப்பு முடித்து, முதல் வேலையாகப் பொள்ளாச்சிக்கு மேலே, தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்குப் போனாள். யாரும் போக விரும்பாத இடம் என்பதால் உனக்குக் கொடுத்தார்களாம். மூன்று வருஷம் அங்கே இருந்தாய். அந்தக் காட்டுக் குடியிருப்புகளில் உன்னிடம் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை கிடையாது என்று அப்பா சொல்வார். பிறகு மாற்றலாகித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தே வேலைக்காலத்தை முடித்தாய். ஆனாலும் தை மாதம் அறுவடை முடிந்ததும் உனக்குக் கால் நிற்காது. யாரையாவது கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவாய்.

முதலில் தாத்தாவைக் கூட்டிப்போனாய். அவர் அந்தச் சரிவைக் கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிம்மா தண்ணி நிக்கும்?" என்று கேட்டாராம். தண்ணீர் நிற்காத நிலம் அவருக்கு நிலமே இல்லை. அடுத்து அப்பாவும் அம்மாவும். அதற்கடுத்து அண்ணனும் நானும். அப்புறம் எங்கள் பிள்ளைகள். எங்கள் தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் நீ அத்தைதான். என் மகளும் உன்னை அத்தை என்றுதான் கூப்பிட்டாள், பாட்டி என்று சொன்னால் நீ திரும்பிப் பார்க்க மாட்டாய்.

கோயில் கோபுரத்தை விட்டால் வைக்கோல் போரைத்தான் உயரம் என்று நினைத்திருந்த கூட்டம் நாம். அதனால் மலைக்கும் நம் ஊர்ப் பெயர்களையே வைத்தோம். இரண்டு பாறைக்கு நடுவில் நுழைந்து போகிற இடம் மதகு. புல் மட்டும் பச்சையாக நிற்கிற சரிவு நாற்றங்கால். முக்கால்வாசி ஏறியதும் வருகிற அகலமான தட்டைப் பாறை களம். பூங்காவின் வழிகாட்டிகள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு அவர்களே "களத்துல கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வரப்பில் நடப்பது போல ஒருவர் பின் ஒருவராக நடப்போம். அதில் கடைசியாக நடப்பவருக்கு வால் என்று பெயர். வால் எப்போதும் நீதான். உன் தோளில் மஞ்சள் துணிப்பை தொங்கும். எத்தனை பேர் ஏறுகிறோமோ அத்தனை பொருவிளங்காய் உருண்டை அதில் இருக்கும். வழிகாட்டிக்கும் சேர்த்துத்தான். உச்சியில் நீயே ஒவ்வொருவர் கையிலும் ஒன்றை வைத்து, விரல்களை மடக்கிவிடுவாய். பை காலியானால்தான் இறக்கம். ஒன்று மிஞ்சினால் யாரும் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. "கடைசி ஆளு வந்து சேர்ற வரைக்கும் யாருமே வந்து சேரலடா" என்பாய். அந்த உருண்டையைக் கடிக்க முடியாமல் அப்பா கல்லில் வைத்து உடைப்பார். உன் வயதுக்கு நீ அதை நறுக்கென்று கடிப்பதுதான் எங்களுக்குப் பொறாமை.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன். இதுவரை சுற்றி வளைத்ததே அங்கே போகப் பயந்துதான்.

அன்றைக்கு வழிகாட்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். சென்னையிலிருந்து என் மச்சான், என் மனைவியின் அண்ணன், முதன்முறையாக வந்திருந்தார். நல்ல ஷூ, முதுகில் தண்ணீர்க் குழாய் வைத்த பை, கையில் மடக்குக் கோல். அவர் முன்னால் நானும் ஒரு மலையேறி என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்கிற அரிப்பு எனக்குக் காலையிலிருந்தே இருந்தது. நீயோ ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினாய். அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

களத்துக்கு வந்தபோது மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். நான் உனக்கு முன்னால் இருந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"முட்டி கெஞ்சுதுடா. யார்கிட்டயும் சொல்லாத. நான் இங்கயே உக்காந்திருக்கேன், வர்றப்ப கூட்டிக்கிட்டுப் போ."

"நானும் இருக்கேன் அத்தே."

"ஒண்ணும் வேணாம். உன் மச்சான் வந்திருக்காரு, போ. நீ வர்ற வரைக்கும் நான் இங்கேருந்து அசைய மாட்டேன்." பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாய். "இன்னிக்கு நீதான் வாலு."

உன் உருண்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "நீ வந்தப்புறம் தின்னுக்கிறேன்" என்றாய்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஆளுக்கொரு பாறை மறைவில் ஒதுங்கினோம், பையை உனக்காக நான் சுமக்கிறேன், நீயும் எங்கோ உட்கார்ந்திருக்கிறாய் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். போட்டோ எடுத்தோம். மச்சான் ஒவ்வொரு மலையின் பெயரையும் கேட்டார், எனக்குத் தெரியாத மலைகளுக்கும் பெயர் சொன்னேன். உருண்டையை ஒவ்வொருவர் கையிலும் வைப்பது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. பையைப் பாறை மேல் விரித்து வைத்து, "எடுத்துக்குங்க" என்றேன். எடுத்துக்கொண்டார்கள். உள்ளே பார்க்காமல் பையின் வாயைச் சுருட்டித் தோளில் போட்டேன். நான் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவன், அத்தே. பன்னிரண்டு வரை எண்ண எனக்கு நேரமில்லை.

அப்போது வழிகாட்டி ஓடிவந்தார். "யானைங்க நாம ஏறி வந்த பழைய தடத்துப் பக்கமா இறங்குது. அந்த வழியில போக வேண்டாம். ஜீப் பாதையில இறங்கிடுவோம், சீக்கிரம். எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்று சொன்னது நான்.

அந்த நேரத்தில் உன்னைச் சுத்தமாக மறந்திருந்தேன். இது சத்தியம். இத்தோடு நின்றிருந்தால் மறதி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நிற்கவில்லை.

ஜீப் பாதையில் அரை மணி நேரம் இறங்கியிருப்போம். கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கை விட்டேன். கை உருண்டையில் பட்டது.

யானை இறங்கும் தடத்தின் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், வழிகாட்டி இருபது அடி முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். மச்சான் திரும்பிப் பார்த்து, "இந்த மாதிரி ஒரு குரூப்ப நடத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல மாப்ளே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தைக்கு இந்த மலை தெரியாதா, இந்நேரம் இறங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசைய மாட்டேன் என்று நீ சொன்னால் அசைய மாட்டாய் என்று தெரிந்துகொண்டேதான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு வரிசையின் கடைசிக்கு வந்து அந்த உருண்டையைத் தின்றேன்.

பசி இல்லை. பையில் அது இருந்தால் நான் எண்ணவில்லை என்பது தெரிந்துவிடும், அவ்வளவுதான். அதுவோ கல் மாதிரி இருந்தது. கடைவாயில் வைத்து நெரித்து நெரித்துத் தின்றேன். பூங்கா வாசலுக்கு வந்து சேரும் வரை தீரவில்லை. அண்ணன், "என்னடா வாயில?" என்று கேட்டார். "உருண்டை" என்றேன். அந்த ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

வழிகாட்டி எண்ணினார். பதினொன்று. "அம்மா எங்க?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பின்னாடிதான் வந்துக்கிட்டிருந்தாங்க" என்றேன். அப்படியானால் ஜீப் பாதையில்தான் எங்கோ விலகிப் போயிருக்க வேண்டும் என்று அந்தப் பாதையின் இரண்டு பக்கத்திலும் தேடினார்கள். இரண்டு மணி நேரம் தப்பான இடத்தில் தேடவைத்தேன். கடைசியில் வனத்துறையின் பழைய வாட்சர் ஒருவர், நீ ஊசி போட்ட பிள்ளைகளில் ஒருவராம், "அக்கா களத்துலதான் உக்காந்திருக்கும்" என்று தானாகவே ஏறிப்போனார்.

வெயில் மஞ்சளாகிவிட்ட நேரத்தில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கி வந்தாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பாறைக்குக் கீழே யானைகள் நின்று மேய்ந்துவிட்டுப் போனதாக அவர்தான் சொன்னார், நீ சொல்லவில்லை. என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாய். பிறகு பையைக் கேட்டாய். கொடுத்தேன். உள்ளே கை விட்டுப் பார்த்தாய். கவிழ்த்து ஒரு உதறு உதறினாய்.

"எல்லாருக்கும் குடுத்தியா?"

"குடுத்தேன் அத்தே."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாய். "சரி" என்றாய்.

வழிகாட்டி கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போல இருந்தார். "ஏம்மா கூட்டத்த விட்டுப் போனீங்க? என் வேலையே போயிருக்குமே."

நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "நான்தாம்ப்பா பராக்குப் பார்த்துக்கிட்டே பின்தங்கிட்டேன். வயசாயிடுச்சுல்ல. யார் மேலயும் தப்பு இல்ல."

அப்போதாவது பேசியிருக்கலாம். நான் உன் செருப்பை எடுத்துக் காலருகில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருஷம் தை வந்ததும் அண்ணன்தான் பேச்சை எடுத்தார். உன் வீட்டுக் கூடத்தில், உன் எதிரிலேயே. "அத்தைக்கு வழி மறக்க ஆரம்பிச்சிடுச்சு. இனிமே மலை வேணாம், ரிஸ்க்கு." அண்ணனுக்கு உன் மேல் உள்ள அக்கறை அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீ என்னைப் பார்த்தாய். நான், "ஆமா அத்தே, நாங்க போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்" என்றேன்.

உனக்கு அப்போது அறுபத்தொரு வயது. முட்டிக்கு வைத்தியம் பார்த்து இரண்டே மாதத்தில் பழையபடி கடைத்தெருவுக்கு நடந்து போய் வந்தாய். உன் காலை வீட்டில் கட்டிப் போட்டது முட்டிவலி இல்லை. என் வாய்.

அதற்குப் பிறகு அது குடும்பக் கதையாகிவிட்டது. மலையில் யாராவது பின்தங்கினால், "என்ன, அத்தை ஆயிட்டியா?" என்று கேட்போம். கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தோம். மற்றவர்களைவிட நான் நன்றாகச் சொல்வேன், அத்தே. யானை வந்ததையெல்லாம் சேர்த்து, நீ அதனிடம் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டதாகச் சொல்லுவேன். நீயும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

வராவிட்டாலும் வருஷா வருஷம் உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பினாய். "எத்தனை பேருடா?" என்று போனில் கேட்பாய். பத்து என்றால் பதினொன்று வரும். ஒன்பது என்றால் பத்து. "அத்தைக்குக் கணக்கும் தடுமாறுது" என்று அண்ணன் வருத்தப்படுவார். ஒவ்வொரு வருஷமும் உச்சியில் பையில் ஒன்று மிஞ்சும். எல்லோரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்ப்பார்கள், யாரும் குறைந்திருக்க மாட்டார்கள். யார் குறைகிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த உருண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து டப்பாவில் போட்டுவிட்டு, அதன் பிறகு அந்தப் பக்கமே போக மாட்டேன்.

போன ஐப்பசி மழையில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே நட்ட பயிரெல்லாம் முழுகிக் கிடந்தது. அண்ணன் மாத்திரை வாங்கப் போயிருந்தார். இப்போது விட்டால் இல்லை என்று தெரிந்தது. "அத்தே, அன்னிக்கு மலையில" என்று ஆரம்பித்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "இந்த வருஷம் வாலு யாரு?" என்றாய்.

"நான்தான்."

"உருண்டைய கையில குடு. பையை விரிச்சு வைக்காத."

பையை விரித்து வைத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்த ஐந்து மணி நேரத்தில் நீயே எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டாய் போலிருக்கிறது. அண்ணன் மாத்திரையோடு வந்துவிட்டார். நீ மறுவாரம் போய்ச் சேர்ந்தாய்.

இந்தத் தையில் போனோம். உருண்டையை என் மகள் பிடித்தாள். பயறை வறுக்கும்போது வீடு முழுக்க நீ இருந்தாய். பாகு சூட்டில் அவள் உள்ளங்கை சிவந்துவிட்டது. நாங்கள் வழிகாட்டியோடு ஒன்பது பேர். பத்தாவதை நான்தான் பிடிக்கச் சொன்னேன். "ஏம்ப்பா, அத்தை ஞாபகத்துக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

களத்தில் உட்கார்ந்தோம். அண்ணனின் மருமகள் நம் வீட்டுக்குப் புதிது, மலைக்கும் புதிது. அண்ணன் அவளிடம் கதையை ஆரம்பித்தார். "இங்கதாம்மா எங்க அத்தை காணாமப் போனது. பராக்குப் பார்த்துக்கிட்டே பின்தங்கிட்டாங்க. யானைகிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? டேய், நீ சொல்லுடா, நீ சொன்னாத்தான் நல்லாயிருக்கும்."

அந்தப் பெண் சிரிப்பதற்குத் தயாராக என்னைப் பார்த்தாள். நான்காவது தலைமுறைக்கும் இந்தப் பொய்யை நானே ஊட்டிவிட வேண்டும் என்று கேட்கிறார்கள். நீ உட்கார்ந்திருந்த பாறை.

"அத்தை காணாமப் போகலண்ணே. நான் விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். முட்டி, பை, ஜீப் பாதை, உருண்டை. ஒன்றையும் விடவில்லை. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் ரொம்ப நேரம் பாறையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பத்து வருஷம் அவங்கள வீட்டுல உக்கார வெச்சேனேடா. என் வாயாலதான சொன்னேன்" என்றார். இதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது அப்பா செத்தபோதுதான். திட்டியிருந்தால் தேவலை.

மகள்தான் முதலில் எழுந்தாள். பதினாறு வயது, உன்னைப் போல நெட்டையாக வளர்ந்துவிட்டாள். என் தோளிலிருந்து பையைக் கழற்றினாள்.

"நீங்க முன்னாடி நடங்கப்பா. நான் வாலு வர்றேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. பெரியப்பா பின்னால், எல்லோருக்கும் நடுவில், அவள் கண்ணில் படுகிற இடத்தில் என்னை நடக்கவிட்டாள்.

உச்சியில் ஒவ்வொருவர் கையிலும் அவளே வைத்தாள். என் முறை வந்தபோது என் விரல்களை மடக்கிவிட்டாள். அப்படிச் செய்ய அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பையில் ஒன்று மிஞ்சியது. ஒன்று மிஞ்சினால் இறங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டி வானத்தைப் பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. அப்படியே நின்றோம். கடைசியில் அண்ணன், "பழைய தடத்துலயே இறங்குவோம். களத்துல அத்தைய கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றார். இறங்கும் வழியில் அந்தப் பாறையில் எல்லோரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தோம்.

அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் பையிலிருந்து அந்த உருண்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இத நீங்களே வெச்சுக்குங்கப்பா" என்றாள். இரண்டு அடி நடந்தவள் நின்று திரும்பினாள். "திங்காதீங்க."

மேசை மேல் அப்படியே இருக்கிறது. தின்னவில்லை, அத்தே.